அம்மாவுக்கு போன் வாங்கிப் போகிறவர்களுக்கு

ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த முறை ஒரு டச் போன் வாங்கிப் போகலாம் என்று நினைத்திருந்தால், கடைக்குப் போகும் முன் ஊருக்கு போன் போட்டு ஒன்றைக் கேளுங்கள். அவர்கள் வைத்திருக்கும் எண் யார் பேரில் வாங்கியது? நான் கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில் பதினேழு நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் ஒன்பது நாள் ஒரு சிம் கார்டுக்குப் பின்னால் அலைந்தே போயிற்று.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கம். நான் மான்செஸ்டரில் நர்ஸ், அண்ணன் குவைத்தில். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா தனியாக இருக்கிறாள். அவள் கையில் இருந்தது அப்பா வாங்கிய நோக்கியா பட்டன் போன். வீடியோவில் முகம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மா கேட்டதே இல்லை. "பச்சைய அமுக்குனா நீ பேசுத. செவப்ப அமுக்குனா முடிஞ்சு. பின்ன எனக்கு எதுக்கு மக்ளே டச் போனு?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமல் 180 பவுண்டு கொடுத்து ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். நம்மூர்க் காசுக்கு பத்தொன்பதாயிரத்துக்கு மேல்.

போனின் விலையை மட்டும் பார்க்காதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் போகிற காசுதான் கணக்கு. நான் போனபோது ஒரு நாளைக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி தரும் திட்டம் 28 நாளைக்கு 299 ரூபாய். 28 நாள் என்பதால் வருடத்துக்கு பன்னிரண்டு முறை போதாது, பதின்மூன்று முறை போட வேண்டும். 3,887 ரூபாய் ஆகிறது. பேச மட்டும் போதும் என்றால் டேட்டா இல்லாத திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு ஏர்டெல்லில் 365 நாளைக்கு 1,849 ரூபாய்க்கு அளவில்லாமல் பேசும் திட்டம் வந்தது. பாதிக்கும் குறைவு. அதைவிடப் பெரிது, வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அம்மா மாதிரி ஆள்களுக்கு ரீசார்ஜ் முடிந்த தேதி நினைவில் நிற்காது. தேதி தாண்டினால் கொஞ்ச நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். நாம் இங்கிருந்து மணிக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்து, என்ன ஆயிற்றோ என்று பதறுவோம்.

பட்டன் போனிலும் இரண்டு வகை உண்டு. பழைய 2ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. இன்னொரு வகை 4ஜி பட்டன் போன். ஜியோ பாரத் அப்படிப்பட்டது, 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது. அதில் பணமும் அனுப்பலாம், ஆனால் ஜியோ சிம் மட்டும்தான் போடலாம். நெட் இல்லாத போனிலேயே யுபிஐ அனுப்பும் 123பே வசதி 2022 மார்ச்சில் வந்தது. அம்மா அதைத் தொடமாட்டாள். மீன்காரிக்கு அவள் கையில்தான் எண்ணிக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டு நோக்கியாவின் அருமை தெரிந்தது ஒக்கி புயலில். அது வந்தது 2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் முறிந்து, கரண்ட் கம்பங்கள் சாய்ந்து, ஊரே இருட்டில் கிடந்தது. டவரும் இல்லை. இரண்டு நாள் எனக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அப்பா எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீடுகளில் டச் போன் எல்லாம் சார்ஜ் இறங்கிக் கிடக்க, இந்த நோக்கியாவில் இன்னும் இரண்டு கட்டம் இருந்ததாம். சிக்னல் கிடைத்த இடம்வரை நடந்து போய்ப் பேசினார்கள். அந்தத் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்களும் அதே போனில்தான் துபாய்க்கும் சவூதிக்கும் பேசினார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்த போனை மாற்றப் போனேன் என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஊர் போன இரண்டாம் நாள். அம்மாவின் சிம் பழைய பெரிய சிம், புது போனுக்கு நானோ சிம் வேண்டும். சந்தைப் பக்கம் ஒரு மொபைல் கடையில் கொடுத்தேன். பையன் கட்டரில் வைத்து ஒரே அமுக்கு. பழைய சிம்மின் அகலம் 15 மில்லிமீட்டர், நானோ 8.8 தான். பழைய சிம்மில் சிப் பதித்திருக்கும் தகடே சில நேரம் அந்த அளவுக்கு மேல் இருக்கும். வெட்டுப்பட்டது. புது போனிலும் எடுக்கவில்லை, அடாப்டர் வைத்து நோக்கியாவில் போட்டாலும் எடுக்கவில்லை. தயவுசெய்து பழைய சிம்மை வெட்டக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கடையில் மாற்று சிம் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினோம். நிறுவனத்தின் கடையில் ஒரு பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும்மா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அவரு எப்படி வருவாரு பிள்ளே, ஆறு வருசம் ஆச்சே" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அந்த எண்ணில்தான் எல்லாமே இருந்தது. அம்மாவின் ஆதார், வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, அப்பாவின் பி.எஃப். குடும்ப ஓய்வூதியம். இறப்புச் சான்றிதழில் அப்பா பேருக்கு முன் ஒரு இனிஷியல், சிம் வாங்கியபோது கொடுத்ததில் இரண்டு. அதற்கு ஒரு நாள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கப் போனால், அம்மா பேரில் முன்பே பதிந்திருந்த கணக்குக்கு ஓடிபி போவது செத்துப்போன அதே எண்ணுக்கு. அதை மாற்ற ஒரு நாள். அண்ணனின் ஆதார் நகல் குவைத்திலிருந்து வர ஒரு நாள். பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விண்ணப்பம் நகர வேண்டும். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை போயும் ஆள் இல்லை. வெளியே திண்ணையில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாக இருந்தேன், திற்பரப்பு அருவிக்குப் போவதாக இருந்தேன். சின்ன வயதில் அப்பா ரப்பர் பால்வெட்டு முடித்து வந்து எங்களைப் பஸ்ஸில் கூட்டிப் போன இடங்கள். ஒன்றுக்கும் போகவில்லை. சான்றிதழ் நான் கிளம்பும்வரை வரவில்லை.

உங்கள் வீட்டில் எண் அப்பா பேரில் இருந்து, அப்பா நல்லபடியாக இருந்தால், இந்தப் பயணத்திலேயே இருவரையும் கடைக்குக் கூட்டிப் போய் அம்மா பேருக்கு மாற்றுங்கள். நிறுவனத்தின் செயலியில் ஓடிபி போட்டு நுழைந்தால் பெரும்பாலும் பேர் தெரிந்துவிடும். சிம் மாற்றினால் அடுத்த 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே வங்கி வேலையை அதே நாளில் வைக்காதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணே பறிபோகலாம், பிறகு வேறு யாருக்காவது போய்விடும்.

பன்னிரண்டாம் நாள் பழைய எண்ணை விட்டுவிட்டு அம்மா பேரிலேயே புது சிம் வாங்க முடிவு செய்தோம். அதற்குக் கைரேகை கேட்டார்கள். அம்மா இருபத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவள். முந்திரிக் கொட்டை உடைப்பவர்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டின் எண்ணெய் தோலை அரித்து எடுத்துவிடும். வலது பெருவிரல் பதியவில்லை. இடதும் பதியவில்லை. கடைக்காரர் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்தார். ஏழாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது. என் நர்ஸிங் ஃபீஸ் கட்டிய விரல்கள். வெளியே வந்து பேச முடியாமல் நின்றேன்.

ஆதாரில் எண் மாற்ற மையத்துக்கு நேரில் போனோம். அப்போது 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. கேஸும் வங்கியும் ஒரே நாளில் முடிந்தன.

உறவினர் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. வந்த அன்றைக்கே மாமா கேட்டார்: "பிள்ளைக்கு காலேஜுல எல்லாம் போனுலதான் வருதாம். உனக்கு அங்க இதெல்லாம் ஒரு காசா?" காசுதான் மாமா. இரவுப் பணி பார்த்த காசு. அம்மாவுக்குக் கொண்டுபோகும் போனை எல்லார் முன்னாலும் பிரிக்காதீர்கள். பிரித்தால் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் நீங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பேச்சைக் கேட்கப்போவது அம்மா. நான் கடைசியில் கொடுத்துவிட்டேன். அம்மா புது சிம்மை நோக்கியாவில் போடச் சொல்லிவிட்டாள்.

உங்கள் சொந்த உபயோகத்துக்குச் சுருக்கமாக: திருவனந்தபுரத்தில் இறங்கி அங்கேயே சிம் வாங்கினால் கேரள எண் கிடைக்கும், எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினாலும் ரோமிங் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கை வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐயில் இணைக்க 2023இல் அனுமதி வந்தது. பிரிட்டன், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், கனடா எல்லாம் முதல் பட்டியலில் உண்டு, குவைத் இல்லை. உங்கள் வங்கியிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

டச் போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வேலைக்கு அது அம்மாவுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. ஓய்வூதியத்துக்கு வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு தடவையும் கைரேகை பதியாமல் இரண்டு மூன்று நாள் நடப்பாள், எனக்குச் சொன்னதே இல்லை. இப்போதெல்லாம் முகத்தைக் காட்டியே அந்தச் சான்று கொடுக்கலாம். ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகள் ஆண்ட்ராய்டு போனில் வேண்டும். யாருடைய போனாகவும் இருக்கலாம். முதலில் போன்காரரின் ஆதாரும் முகமும், பிறகு ஓய்வூதியரின் ஆதாரும் முகமும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மயினியின் போனில் செய்தோம். அம்மா குளித்து, கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓடிபி நோக்கியாவுக்கு வந்தது, அம்மாவே ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். மயினி போனை நீட்டி, கண்ணை ஒரு தடவை மூடித் திறங்க என்று சொன்னதும், அம்மா இறுக்கி மூடித் திறந்தாள். பச்சை வட்டம் வந்தது.

"நான் இருக்கேன்னு அவங்களுக்குப் போயாச்சா மக்ளே?" என்று கேட்டாள்.