சிடி எடுத்தாச்சு, எக்ஸ்ரே எதுக்கு? நெஞ்சுப் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து இருமலோடு மதுரைக்கு வருகிறவர்களில் பலர், "நேரா சிடி ஸ்கேன் எடுத்துருவோம்" என்கிறார்கள். முதல் தவறு அதுதான். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட். சாதாரண நெஞ்சு சிடியில் 5 முதல் 7 வரை போகும். எக்ஸ்ரேயில் விடை கிடைக்கிற இடத்தில் அவ்வளவையும் உடம்பில் ஏற்ற வேண்டியதில்லை. தேவைப்படும்போது சிடிக்குப் பயப்படவும் வேண்டாம்.

எக்ஸ்ரேயைச் சரியாக எடுக்காததால்தான் பல சிடிக்கள் வீணாக எடுக்கப்படுகின்றன. தலை குளித்துவிட்டு ஈரப் பின்னலோடு வரும் பெண்களின் படத்தைப் பாருங்கள். தோளில் கிடக்கும் சடை நுரையீரலின் உச்சியில் வெள்ளைத் திட்டாக விழும். காசநோய் பெரும்பாலும் பிடிக்கும் இடமும் அந்த உச்சிதான். முடியை உச்சந்தலையில் கொண்டையாகத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தாயத்து, ஊக்கு, செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள்.

மூச்சை நன்றாக இழுத்து நிறுத்துவதும் முக்கியம். உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பதோ பத்தோ தெரிய வேண்டும். அரைமூச்சில் எடுத்தால் இதயம் பெருத்தும், நுரையீரல் அடிப்பகுதி நிமோனியா போல மங்கியும் தெரியும். படுக்கையில் எடுத்த படத்திலும் இதயம் பெரிதாகவே விழும். அதை மட்டும் வைத்து இதயவீக்கம் என்று முடிவுகட்டக் கூடாது.

"எக்ஸ்ரே நார்மல்" என்றதும் அலட்சியமாக இருப்பது இதற்கு நேர்எதிர்த் தவறு. இதயத்தின் பின்னாலும், கழுத்தெலும்புக்குப் பின்னாலும், உதரவிதானக் குவிவுக்குக் கீழும் இருப்பது எளிதில் மறைந்துவிடும். நெஞ்சில் நீர் 200 மில்லிக்குக் குறைவாக இருந்தால் நேர்ப்படத்தில் பிடிபடாமலே போகலாம். பிரசவத்துக்கோ, அறுவைசிகிச்சைக்கோ, கால்முறிவுக்கோ பிறகு திடீர் மூச்சுத்திணறல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தாலும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். அங்கே சிடிதான் வேண்டும், அதுவும் ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பது. மருந்து ஏற்றாத 'பிளெய்ன்' சிடியில் அந்த அடைப்பு பெரும்பாலும் தெரியாது. சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை மாத்திரையோ இருந்தால், அந்த மருந்தை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரே, சிடி இரண்டிலும் நிழல் தெரிந்தாலும் காசநோயை உறுதிசெய்வது சளிப் பரிசோதனைதான். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். எச்சிலைக் கொடுத்தால் பயனில்லை. ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுங்கள்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. சிடியில் நோய் தெரிந்துவிட்டது என்றாலும், அதே வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைப்பது நல்லது. எக்ஸ்ரேயிலும் அது தெரிந்தால், குணமாகிறதா என்று பின்னால் எக்ஸ்ரேயாலேயே கண்காணிக்கலாம். ஒவ்வொரு முறையும் சிடி தேவைப்படாது. நெஞ்சில் குழாய் போட்டவர்களுக்கு நாளுக்கு நாள் பார்ப்பதும் எக்ஸ்ரேதான். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத சிறு கட்டியைச் சிடியில்தான் தொடர வேண்டும். நிமோனியா வந்து போன பிறகு, புகைப்பவர்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்தாக வேண்டும். நிழல் கரையாமல் நின்றால், அதன் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கக்கூடும்.

இந்த ஒப்பீட்டுக்குப் பழைய படம் கையில் வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிலிமை எறிந்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் நுண்ணிய நிழல்கள் காணாமல் போகும். இப்போது தரும் டிரை ஃபிலிம்களில் பல வெப்பத்தால் அச்சாகுபவை. சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவந்தால் கறுத்துப்போகலாம். சிடிக்கு ஃபிலிமோடு குறுந்தகடும் கேட்டு வாங்கி, தேதி எழுதி, வீட்டில் வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.