ஏர் ரைஃபிள் முனையில் எதை மாட்டலாம், எப்படி மாட்டலாம்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழக ஆரம்பிக்கும் பிள்ளைகள் சீக்கிரமே ஒரு கேள்வியோடு வந்துவிடுவார்கள். “அண்ணா, மசில் பிரேக் ஒண்ணு வாங்கிப் போட்டா குரூப் சின்னதாகுமுங்களா?” குரூப் என்றால் சுட்ட துளைகள் பேப்பரில் விழும் கூட்டம், அது சின்னதானால் துல்லியம் அதிகம். வீடியோவில் பெரிய ரைஃபிள்களின் முனையில் பக்கவாட்டில் துளை போட்ட அந்த உருண்டையைப் பார்த்திருப்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் உங்கள் ரைஃபிளுக்கு அது வேண்டாம். முனையில் மாட்ட வேண்டிய பொருள் வேறு. அதைத் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும் எப்படி என்று சொல்கிறேன்.

மசில் பிரேக் ஏன் வேண்டாம்

வெடிமருந்து ரைஃபிளில், தோட்டா வெளியேறியதும் பின்னாலேயே சூடான வாயு பீறிட்டு வரும். மசில் பிரேக் அந்த வாயுவைப் பக்கத்திலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. அந்தத் தள்ளலில் ரைஃபிள் சற்று முன்னால் இழுபடுவதால் தோளில் விழும் உதை குறைகிறது. பக்கத்தில் நிற்பவர் காதுக்குத்தான் சத்தம் கூடும்.

இப்போது நம் ரைஃபிளைப் பாருங்கள். பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) எடை ஏறத்தாழ அரை கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் சுமார். .308 என்ற வெடிமருந்து ரைஃபிளின் தோட்டா 11 கிராம், வேகம் 800 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் நூறு மடங்கு வித்தியாசம் வரும். அங்கே பிரேக்குக்கு வேலை இருக்கிறது, இங்கே குறைப்பதற்கு உதையே இல்லை.

அதற்கு மேல் விதியும் இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனம்) விதிப்படி ரைஃபிள் போட்டிகளில் மசில் பிரேக், காம்பன்சேட்டர் (முனை மேலே துள்ளுவதைக் குறைக்கும் கருவி) இரண்டுக்கும் தடை. பேரலிலோ அதோடு சேரும் டியூபிலோ துளை இருக்கக் கூடாது. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சுக்குப் போட்டிக்குப் போய், எக்விப்மென்ட் கன்ட்ரோலில் (கருவிகளைச் சோதிக்கும் இடம்) அதைக் கழற்றச் சொன்னால், நீங்கள் வைத்த ஜீரோ (குண்டு நடுவில் விழும்படி சைட்டைச் சரிசெய்த நிலை) முழுவதும் மாறிவிடும். காசும் போகும், மனசும் உடையும்.

பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ‘மசில் பிரேக்’ என்று ஆன்லைனில் விற்பது பெரும்பாலும் கைப்பிடிக்கான ஒரு வெயிட் குழாய்தான். அது கோணலாக உட்கார்ந்தால் பெல்லட் உரசும். அதையும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதை மாட்டுவது

எக்ஸ்டென்ஷன் டியூப். பேரலின் முனையில் செருகி, ஃபோர்சைட்டை (முனைப் பக்கத்துக் குறி) இன்னும் முன்னால் தள்ளி வைக்கும் குழாய். ரியர்சைட்டுக்கும் (கண் பக்கத்துக் குறி) ஃபோர்சைட்டுக்கும் நடுவே தூரம் கூடினால், குறி பார்ப்பதில் வரும் சின்னப் பிசகு டார்கெட்டில் சின்னதாகவே விழும். இரண்டுக்கும் நடுவே 70 செ.மீ. இருக்கும்போது ஃபோர்சைட் 0.1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் சுமார் 1.4 மி.மீ. தள்ளிப் போகும். 80 செ.மீ. ஆனால் 1.25 மி.மீ. டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ.தான் இடைவெளி என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் சும்மா அல்ல.

ஆனால் எல்லை உண்டு. மெக்கானிசத்தின் பின்முனையிலிருந்து வெளியே தெரியும் முன்முனை வரை மொத்தம் 850 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ரைஃபிளின் மொத்த எடை, சைட்டுகளையும் சேர்த்து, 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பல போட்டி ரைஃபிள்களில் உள்ளிருக்கும் உண்மையான பேரல் 45 செ.மீ.க்கும் குறைவு, மிச்சம் கம்பெனியே போட்ட குழாய். அதனால் உங்கள் ரைஃபிளில் ஏற்கெனவே டியூப் இருக்கலாம். வாங்குவதற்கு முன் இரும்பு டேப்பால் அளந்துவிடுங்கள். தையல்காரர் டேப் வேண்டாம், அது நீளும்.

தேர்வு

பேரலின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் டியூபை மட்டும் வாங்குங்கள். “கொஞ்சம் லூசு, டேப் சுத்திக்கலாம்” என்று கடைக்காரர் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் போதும். ஸ்டீல் டியூப் முனையைக் கனமாக்கி ஆட்டத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் 60 ஷாட் நின்று சுட வேண்டிய பதினான்கு வயசுப் பிள்ளையின் இடுப்புக்கு அது தண்டனை. கனம் வேண்டுமென்று பின்னால் தோன்றினால் தனி வெயிட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மாட்டும் முறை

முதலில் ரைஃபிள் காலியா என்று பாருங்கள். காக்கிங் லீவரைத் திறந்து, பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்து, ஏர் சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். இதற்குப் பிறகுதான் அலன் கீயைக் கையில் எடுக்க வேண்டும். வீட்டில் எத்தனை அவசரம் இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

டியூபை மாட்டுவதற்கு முன்னால் எடுத்த ஒரு குரூப் கையில் இருக்கட்டும். மணல் பை மேல் ரைஃபிளை வைத்து, ஒரே பெல்லட் டப்பாவிலிருந்து பத்து ஷாட் போட்டு, பேப்பரில் தேதி எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட இது வேண்டும்.

சரி, இப்போது மாட்டலாம். பேரல் முனையின் வெளிப்பக்கத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் கிளாம்ப் வழுக்கும். டியூபைத் திருகாமல் நேராக உள்ளே தள்ளி, அடி தட்டும் வரை உட்காரவையுங்கள். கிளாம்ப் ஸ்குரூ இரண்டு இருந்தால் ஒன்றை முழுவதும் முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்க வேண்டும். அலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் முறுக்கி நிற்கும் அளவு போதும். முழுக் கை பலத்தையும் போட்டால் ஸ்குரூவின் மரை போய்விடும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். டியூப் பேரலுக்கு நேர்க்கோட்டில் இருக்கிறதா? ரைஃபிளின் முன்பக்கம் போய்க் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, காலியாக இருந்தாலும் கூடாது. முனைக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதில் டார்ச் அடித்து, பின்பக்கம் லோடிங் இடம் வழியாகப் பாருங்கள். வெளிச்ச வட்டம் எந்தப் பக்கமும் வெட்டுப்படாமல் முழு உருண்டையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி இருட்டு தெரிந்தால் டியூப் கோணல். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுங்கள். சில மாடல்களில் இப்படிப் பார்க்க வழி இருக்காது. அப்படியானால் சிலிண்டரை மாட்டி இருபது ஷாட் போட்டுவிட்டு, மறுபடி காலி செய்து, டியூபைக் கழற்றி உட்புற விளிம்பைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று ஈயக் கோடு இருந்தால் பெல்லட் உரசுகிறது என்று அர்த்தம்.

ஃபோர்சைட்டும் ரிங்கும்

ஃபோர்சைட்டை டியூபின் மேலுள்ள 11 மி.மீ. ரெயிலில் ஏற்றுங்கள். சாய்வு பார்க்க, 10 மீட்டரில் ஒரு நூலில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரியர்சைட் ரெயில் மேல் சின்ன ரசமட்டம் வைத்து, ரைஃபிள் மட்டமாக இருக்கும்போது ஃபோர்சைட்டின் நடுத் தண்டு நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் டியூபை லேசாகத் தளர்த்தித் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ரியர்சைட்டின் இடவலத் திருகு ஒரே பக்கமாகப் போய் முடிந்துவிடும்.

ரிங் என்பது ஃபோர்சைட்டுக்குள் வைக்கும் வளையம், அதன் நடுவில் டார்கெட்டின் கறுப்பை வைத்துப் பார்ப்போம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கண்ணிலிருந்து ஃபோர்சைட் 85 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த இடத்தில் கறுப்பு 2.6 மி.மீ. அளவில் தெரியும். அதைச் சுற்றித் தாராளமாக வெள்ளை வேண்டும். ஆகவே 4.0 மி.மீ. சுமாரில் ஆரம்பிக்கலாம். ஃபோர்சைட்டை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் கறுப்பு 2.9 மி.மீ. ஆகத் தெரியும். பழைய ரிங்கையே வைத்தால் வெள்ளை சுருங்கிப்போகும், 4.4 அல்லது 4.5 மி.மீ.க்கு மாற்றுங்கள். சின்ன ரிங் வைத்தால் துல்லியம் என்பது புதியவர்களிடம் இருக்கும் தவறான நம்பிக்கை. இறுக்கமான ரிங்கில் கண் நடுவைத் தேடிக்கொண்டே இருக்கும், விரல் டிரிகரில் உறைந்து நிற்கும். இன்சர்ட் (ரிங் உள்ள தகடு) வாங்கும்போது உங்கள் டனல் (அது உட்காரும் ஃபோர்சைட் குழாய்) எம்18-ஆ, எம்22-ஆ என்று அளவு பார்த்து வாங்குங்கள்.

ஜீரோ

டியூப் மாட்டியதும் பழைய ஜீரோ செல்லாது. ஐந்து ஷாட் போட்டு, குரூப்பின் நடுவைப் பார்த்து, அப்புறம் ரியர்சைட் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்புங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் திருப்பாதீர்கள். திருகில் உள்ள அம்புக்குறிக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பத்து கிளிக் ஒரு பக்கம் திருப்பிச் சுட்டு, பெல்லட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. திறந்த ஷெட்டில் பேப்பர் டார்கெட்டே படபடக்கும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது ஜீரோ வையுங்கள். எடவப்பாதி மழை (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் கிளாம்ப் ஸ்குரூக்களில் துரு ஏறும். மாதம் ஒருமுறை ஸ்குரூத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தால் போதும், பேரலுக்குள் எண்ணெய் போகவே கூடாது.

பிறகு மாட்டுவதற்கு முன்னால் எடுத்த அந்தப் பேப்பரை எடுத்து, அதே மணல் பை, அதே டப்பாப் பெல்லட்டில் மறுபடி பத்து ஷாட் போட்டு ஒப்பிடுங்கள். குரூப் அதே அளவு இருந்தால் மாட்டியது சரி. மணல் பையில் குரூப் சுருங்க வேண்டியதில்லை, டியூபின் பலன் நீங்கள் நின்று சுடும்போதுதான் தெரியும். குரூப் பெரிதாகிவிட்டால் பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன் டியூபைக் கழற்றி அந்த ஈயக் கோட்டைத் தேடுங்கள். நூறு ஷாட்டுக்குப் பிறகு ஸ்குரூக்களை ஒருமுறை சரிபாருங்கள். பேரலும் டியூபும் சேர்ந்து நீளமாகிவிட்டதால் சேஃப்டி லைனையும் (ரைஃபிள் காலி என்று காட்டப் பேரலுக்குள் செருகும் நூல்) புதிதாக வெட்டுங்கள். அது பின்பக்கம் நுழைந்து முனைக்கு வெளியே தெரிய வேண்டும்.