ரப்பர் கலவைக்கு ரப்பர் விதை எண்ணெய்

ரப்பர் கலவையை இளக்க ஊற்றுகிற கருப்பு அரோமாட்டிக் எண்ணெயில் (பெட்ரோலியத்திலிருந்து வருவது) புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்கள் உண்டு. 2010 முதல் ஐரோப்பாவில் டயர்களுக்கு அதில் கட்டுப்பாடு. நான் குமரி மாவட்டத்தில் கால்மிதி அடிக்கிறவன். ரப்பர் விதை எண்ணெய்தான் ஊற்றுகிறேன். 100 கிலோ ரப்பருக்கு 5 கிலோ தாராளம்.

எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டுங்கள், நீர் இருக்கக்கூடாது. ரப்பர் ஷீட், மில்லில் (இரட்டை உருளை எந்திரத்தில்) நன்றாக மசிந்து, உருளையை வழவழவென்று சுற்றிப் பிடித்த பிறகு ரப்பர் வேகத் துணைசெய்யும் சிங்க் ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் போடுங்கள். அப்புறம் கார்பன் பிளாக்கில் (ரப்பருக்கு வலு தரும் கரித்தூள்) பாதி. மீதிப் பாதியோடு எண்ணெயை மாற்றி மாற்றிச் சேர்க்கவேண்டும். மொத்தமாக ஊற்றினால் ரப்பர் வழுக்கும், பிளாக் கட்டி உடையாது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

முக்கியமான விஷயம் கந்தகம், சூட்டில் வேகும்போது ரப்பரை இறுக்குவது அதுதான். இந்த எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். கந்தகத்தில் ஒரு பங்கை அதுவே குடித்துவிடும். 2.5 கிலோ போடுகிற இடத்தில் 2.75 போட்டு, சிறு துண்டு வேகவைத்துக் கடினத்தைப் பாருங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கொழுப்பமிலமும் இருக்கும், ஆகவே ஸ்டியரிக்கை 2 கிலோவிலிருந்து 1 ஆக்கலாம். கந்தகமும் ஆக்சிலரேட்டரும் (ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கும் பொருள்) கடைசியில், உருளை ஆறிய பிறகு.

தேங்காயெண்ணெயில் இந்தக் கந்தகத் தொல்லை குறைவுதான், ஆனால் அந்த விலைக்குக் கால்மிதியா? ஆமணக்கெண்ணெய் வேண்டாம், இயற்கை ரப்பரோடு சரியாகச் சேராது.

வெந்த துண்டை ஒரு வாரம் வைத்துவிட்டு வெள்ளைத் தாளால் துடையுங்கள். எண்ணெய்க் கறை ஒட்டினால் அடுத்த கலவையில் ஒரு கிலோ குறையுங்கள்.