முன்பல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடைவாயைக் காட்டு

பள்ளிக்கூடங்களுக்குப் பல் பரிசோதனைக்குப் போகும் நாட்களில் மூன்றாம் வகுப்பு வாசலில் யாராவது ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். "டாக்டரம்மா, இவளுக்கு முன்பல்லு நடுவுல சந்து விழுந்திருக்கு பாருங்க. எப்போ கிளிப் போடலாம்?" நான் அந்தச் சந்தைப் பார்க்காமல் பிள்ளையின் கன்னத்தை ஒதுக்கிக் கடைவாய்க்குள் டார்ச் அடிப்பேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும், கேட்டது ஒன்று, இவள் பார்ப்பது ஒன்று என்று.

எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல விரிந்து நிற்பது பல பிள்ளைகளுக்கு உள்ளதுதான். ஈறுக்கு மேலே எலும்புக்குள் இருக்கும் கோரைப்பல் கீழே இறங்கும்போது பக்கத்துப் பல்லின் வேரை அழுத்தும், பல் வெளிப்பக்கம் சாயும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் சந்து தானாக மூடிக்கொள்ளும். 2 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆகவே முன்பல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வீட்டில் பார்ப்பதற்கு ஒரு டீஸ்பூன், செல்போன் டார்ச், பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் போதும். பிள்ளையை ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். "கடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் தாடையை முன்னால் தள்ளி முன்பல்லோடு முன்பல்லை முட்டவைத்துக் காட்டுவார்கள், நீங்கள் பார்ப்பது பொய்க்கடி. நாக்கு நுனியை மடித்து அண்ணத்தில் முடிந்தமட்டும் பின்னால் தொடச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்கியபடி மெதுவாகப் பின்பல்லை மூடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தபின் வருவதுதான் உண்மையான கடி.

இனி ஸ்பூனின் கைப்பிடியால் கன்னத்தை ஒதுக்கி, நடுவிலிருந்து பற்களை எண்ணுங்கள். ஆறாவதாக வருவதுதான் ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். ஆறாவது பல், ஆறு வயது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இது எந்தப் பால்பல்லும் விழாமல் பின்னால் புதிதாக முளைப்பது. அதனாலேயே பெரும்பாலான வீடுகளில் இதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது.

மேல் ஆறாம் பல்லின் வெளிப்புறத்தில் முன்னால் ஒரு முகடு இருக்கும். கீழ் ஆறாம் பல்லின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடும். அந்த முகடு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் கடி சரி. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1899இல் வகுத்த முறை இது, இன்றும் நாங்கள் பிள்ளையின் அட்டையில் எழுதும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வகுப்பு இதுதான். முகடு பள்ளத்தைத் தாண்டி முன்னால் விழுந்தால் இரண்டாம் வகுப்பு, பின்னால் விழுந்தால் மூன்றாம் வகுப்பு. பால்பற்கள் இருக்கும் வரை முகடும் முகடும் முட்டிக்கொண்டு அரைகுறையாக நிற்கலாம், பதற வேண்டாம். பால் கடைவாய்ப்பற்களுக்குப் பதிலாக வரும் முன்கடைவாய்ப்பற்கள் அவற்றைவிடச் சிறியவை. கோரைப்பல்லையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கீழ்த்தாடையில் பக்கத்துக்குச் சுமார் 1.7 மி.மீ., மேல்தாடையில் சுமார் 0.9 மி.மீ. இடம் மிஞ்சும். கீழே அதிகம் மிஞ்சுவதால் கீழ் ஆறாம் பல் முன்னால் நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

சொத்தை என்று பால் கடைவாய்ப்பல்லை ஏழு வயதில் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் இந்த மிச்சம்தான் பறிபோகும். ஆறாம் பல் சாய்ந்து வந்து இடத்தை விழுங்கிவிடும். பிடுங்க வேண்டி வந்தால் இடம் காக்கும் கம்பி வளையம் ஒன்றைப் போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆடாத பல்லை நூல் கட்டி இழுப்பதில்தான் ஆட்சேபணை.

முன்பக்கத்துக்கு இப்போது வரலாம். மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லின் வெளிப்பரப்புக்கும் நடுவே கிடையாக எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றுப் பிளாஸ்டிக் இருக்கும், அதன் அளவையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். 2, 3 மி.மீ. இயல்பு. 6 மி.மீ.க்கு மேல் போனால் அழகைவிட ஆபத்துதான் என் கவலை. அந்தப் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் தரையை முதலில் தொடுவது அந்தப் பல்தான். கீழ்ப்பல் ஒன்றாவது மேல்பல்லுக்கு வெளியே கடிக்கிறதா என்றும் பாருங்கள். முன்னாலோ பக்கத்திலோ அப்படிக் கடித்தால் வயதைப் பார்க்காமல் அழைத்து வாருங்கள். வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குகிறதென்றால் இன்னும் சீக்கிரம்.

இதுவரை சொன்னது கடி. இனி அளவு. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

பல வருடங்களுக்கு முன் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திக்குக் கிளிப் போட்டேன். ஆறாம் பல் முதல் வகுப்பு, நெருக்கம் கொஞ்சம்தான், சுலபமான கேஸ். ஒன்றரை வருடத்தில் கழற்றும் நேரம் வந்தது. கடைவாய் பொருந்தினால் மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு முன்னால் சந்து. சந்தை மூடினால் முன்பற்கள் நுனியோடு நுனி இடித்தன. இரண்டு மாதம் ரப்பர் மாற்றி மாற்றிப் போட்டேன். அவளுடைய அப்பத்தா ஒருநாள் சொன்னார்: "பல்லு சின்னதா இருந்தா நீ எங்கிட்டு இழுத்தாலும் எப்படிம்மா பத்தும்?" அன்று ராத்திரிதான் அவளுடைய பல்வரிசையை அச்செடுத்து வார்த்த பழைய பிளாஸ்டர் மாடலை எடுத்து அளந்தேன். கிளிப் போடும் முன் அளந்திருக்க வேண்டியது.

அளக்கும் முறை இதுதான். கூர்முனை வெர்னியர் அளவுகோல் ஒன்று வேண்டும். இரண்டு முனைகளையும் பக்கத்துப் பற்கள் தொடும் இடத்தில், கடிக்கும் பரப்புக்கு இணையாக வைத்து, பல்லின் அகலத்தை எடுக்க வேண்டும். ஈறோரம் வைத்தால் குறையும். ஒவ்வொரு பல்லையும் இரண்டு தடவை அளப்பேன், 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. பாடப்புத்தகச் சராசரி மேலே நடுப்பல் 8.5, பக்கத்துப் பல் 6.5, கோரைப்பல் 7.5. இரண்டு பக்கமும் கூட்டினால் 45 மி.மீ. கீழே 5, 5.5, 7, கூட்டினால் 35. கீழ்க்கூட்டுத்தொகையை மேல்கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் 77.8. வெய்ன் போல்ட்டன் என்ற பல் மருத்துவர் 1958இல் மிக நன்றாகக் கடி பொருந்திய 55 பேரின் மாடல்களை அளந்து, ஆறு முன்பற்களுக்கு 77.2 என்றும், ஆறாம் பல்வரை பன்னிரண்டு பற்களையும் சேர்த்தால் 91.3 என்றும் சொன்னார். மேற்சொன்ன சராசரியோடு முன்கடைவாய்ப்பற்கள் எல்லாம் 7, ஆறாம் பல் மேலே 10, கீழே 11 என்று கூட்டிப் பாருங்கள், கீழே 85, மேலே 93, அதாவது 91.4 வரும். இந்தக் கணக்கு அப்படியே ஒத்துப்போவதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்குக் கீழ்வரிசை 35தான். மேலே பக்கத்துப் பற்கள் இரண்டும் 5.3 மி.மீ., ஆகவே கூட்டுத்தொகை 42.6, விகிதம் 82.2. 35 மி.மீ. கீழ்வரிசைக்கு மேலே 45.3 வேண்டும். 2.7 மி.மீ. துணி பற்றாத சட்டை. எப்படி இழுத்தாலும் பற்றாதுதான், அப்பத்தா சொன்னது சரி. கீழ்ப்பற்களின் ஓரத்தைச் சீவி 2.1 மி.மீ. குறைத்திருக்கலாம். கீழே நெருக்கம் இல்லாததால், மேலிருந்த இரண்டு சின்னப் பற்களையும் காம்போசிட் என்ற பல்நிறப் பொருளை வைத்து அகலப்படுத்தினேன்.

எல்லாப் பிள்ளைக்கும் 77.2 வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 74 முதல் 80 வரை வந்தால் பெரும்பாலும் நான் ஒன்றும் செய்வதில்லை. மேல் பக்கத்துப் பல் ஆணிபோலக் கூம்பி இருந்தாலோ, முளைக்கவே இல்லை என்றாலோதான் கணக்கு உதைக்கும். அந்தப் பல்லை வீட்டிலேயே கவனிக்கலாம், நடுப்பல்லில் பாதிக்குப் பாதி தெரிந்தால் குறித்துவையுங்கள்.

பால் கடைவாய்ப்பற்கள் இன்னும் விழாத எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு கணக்கு. கீழ் வெட்டுப்பற்கள் நான்கின் அகலத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். அதோடு 10.5 சேர்த்தால், இனி வரப்போகும் கீழ்க்கோரைப்பல்லுக்கும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களுக்கும் ஒரு பக்கத்தில் தேவையான இடம் கிடைக்கும். மேல்வரிசைக்கு 11 சேர்க்க வேண்டும். நான்கும் சேர்ந்து 21 மி.மீ. என்றால் கீழே 21, மேலே 21.5. மாடலில் டிவைடரால் அளந்தால் கீழே 19தான் இருக்கிறது என்றால், இரண்டு மி.மீ. நெருக்கம் வரப்போகிறது என்று அர்த்தம். 1974இல் டனாகாவும் ஜான்ஸ்டனும் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த சூத்திரம் இது. ஆகவே அரை மி.மீ. வித்தியாசத்துக்காக நான் எந்தப் பல்லையும் எடுக்கச் சொன்னதில்லை.

ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது ஒரு நோட்டில் தேதி, ஆறாம் பல் எந்த வகுப்பு, முன்னால் எத்தனை மி.மீ. என்று எழுதிக்கொண்டு போங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு வரி சேருங்கள். கிளிப் போடலாம் என்று சொன்னால் "பல் அகலத்தை அளந்தீங்களா, எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். மாடலுக்குப் பதில் கம்ப்யூட்டர் ஸ்கேன் என்றால் இன்னும் நல்லது, அந்த எண் அதிலும் வரும்.