‘கம்பவுண்டு கட்டினேன்’ என்றால் எதைக் கட்டினீர்கள்? ஓர் ஆங்கிலச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஒருவர் “நேற்றுதான் கம்பவுண்டு கட்டினேன்” என்றால், மாநகர் மன்றத்திலோ போலீஸ் முகப்பிலோ காசு கட்டிவிட்டு வந்தார் என்று அர்த்தம். அதையே தொலைபேசியில் மதுரைச் சித்தப்பா கேட்டால், “எத்தனை அடி உயரம்?” என்பார். அவருக்குக் காம்பவுண்டு என்றால் சுவர். இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறார்கள்.

வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘கம்பவுண்டுக்குள் இரண்டு கார் நிறுத்தலாம்’ என்று இருக்கும். காரின் வைப்பரில் செருகிய தாளில் ‘கொம்பாவுன்’ என்று இருக்கும். பிள்ளையின் மலாய்க் கணக்குப் புத்தகத்தில் கூட்டு வட்டி ‘ஃபாயெடா கொம்பாவுன்’ ஆகிவிடுகிறது. இவ்வளவும் ஒரே எழுத்துக்கூட்டு என்பதால் ஒரே சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே எழுத்துக்கூட்டு, ஒரே சொல் என்ற நினைப்பு

சேர்ப்பது, கலப்பது என்ற பொருளில் வரும் கம்பவுண்டு லத்தீனிலிருந்து வந்தது. ‘கொம்’ என்றால் ஒன்றாக, ‘போனெரே’ என்றால் வைப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் கடைசியில் ‘ட்’ இருக்கவில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டது. ஓசையைக் குறிக்கும் சவுண்டு என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. மருந்து கலந்து கொடுப்பவரைத் தமிழ்நாட்டில் கம்பவுண்டர் என்றார்களே, அவர் இந்த லத்தீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம்மூர்த் தோட்டங்களில் அந்தப் பெயர் அவ்வளவாக எடுபடவில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்தவர் நமக்கு எப்போதும் டிரெஸ்ஸர்தான்.

வீட்டைச் சுற்றியிருக்கும் வளாகம் என்ற கம்பவுண்டு வேறு வீட்டுப் பிள்ளை. அது மலாயின் ‘கம்போங்’. போர்ச்சுகீசியர் 1511லும் டச்சுக்காரர்கள் 1641லும் மலாக்காவைப் பிடித்தார்கள். இந்தக் கடல்வழி வணிகத்தில் புழங்கிய ஐரோப்பியர் வாயில் ஏறிய சொல், வங்கக் கடலைத் தாண்டி இந்தியக் கரைக்குப் போனது. 1679இல் சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் எழுதிய குறிப்பு ஒன்றில், தெலுங்குக் கரையில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த வணிகக்கூடத்தின் பெரிய ‘கம்பவுண்டு’ பற்றி வருகிறது. துணிக்கு நீலச்சாயம் தோய்க்க நூற்றுக்கணக்கான சாடிகளை மண்ணில் புதைத்து வைத்திருந்த இடம் அது. ஆக, மலாய்க்காரர் சொல், டச்சுக்காரர் இடம், தெலுங்கு மண், எழுதியது ஆங்கிலேயர். ‘சுத்தமான ஆங்கிலம்’ என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாடிகள்தான் ஞாபகம் வரும்.

வயல்வெளியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்ற வாதமும் ஒரு காலத்தில் இருந்தது. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் திரட்டி 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னலும் அதை நீளமாக அலசிவிட்டு மலாய்ப் பக்கம்தான் சாய்ந்தார்கள். இன்றைய ஆங்கில அகராதிகளும் அதையே சொல்கின்றன.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கம்போங் என்றால் கிராமம் ஆயிற்றே, அது எப்படி வேலிக்குள் இருக்கும் இடமானது? இன்றைய பொருளை அன்றைக்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. ஜார்ஜ்டவுனில் கம்போங் மலபார் என்று ஒரு தெரு இருக்கிறது. கடைவீடுகள் வரிசையாக நிற்கும் நகரத் தெரு அது, வயல் வரப்பு எதுவும் கிடையாது. கம்போங் காக்காவும் அப்படித்தான். ஒரு கூட்டத்தார் சேர்ந்து குடியிருக்கும் வட்டாரம், ஒரு பெரிய வீட்டைச் சுற்றிய வளைவு, இவையும் கம்போங்தான். மலாயில் ‘பெர்கம்போங்’ என்றால் ஒன்றுகூடுவது. கிராமம் என்பது அந்தச் சொல்லின் பல பொருள்களில் ஒன்று. இப்போது அதுதான் முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

நாம் மலேசியாவில் கம்போங்கைக் ‘கம்பம்’ ஆக்கிவிட்டோம். ‘கம்பத்து வீடு’, ‘கம்பத்துக் கோழி’ என்று பேசுகிறோம். ஆக ஒரே மலாய்ச் சொல் தமிழுக்கு இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது. மலேசியத் தமிழருக்கு நேராகக் கம்பமாக வந்தது. தமிழ்நாட்டுக்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு காம்பவுண்டாகப் போனது. அங்கே ‘காம்பவுண்டு வீடு’ என்று ஒன்று உண்டு. ஒரே வாசல், பொதுக் கிணறு, நடுவில் முற்றம், சுற்றிலும் ஐந்தாறு குடித்தனம். யோசித்துப் பார்த்தால், பழைய கம்போங்குக்கு நம் கம்பத்தைவிட அந்த மதுரைக் காம்பவுண்டுதான் நெருக்கமான சொந்தம். அப்புறம் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு உறவினரிடம் “நாங்க கம்பத்துல வளர்ந்தவங்க” என்று சொல்லாதீர்கள். தேனிப் பக்கத்துக் கம்பம் என்று நினைத்து, அங்கே எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சபலத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பு நட்டு வேலி போட்டதால் கம்பவுண்டு என்று ஒரு விளக்கம் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓசை ஒத்துப்போவதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. லத்தீனில் ‘ஒன்றாக வைப்பது’, மலாயில் ‘ஒன்றுகூடுவது’ என்று பொருளும் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே, இரண்டும் ஒரே வேராக இருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் தற்செயல்தான். ஒரு சொல் எந்தக் கரையிலிருந்து எந்தக் கப்பலில் வந்தது, எந்த ஆண்டு யார் எழுதி வைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். காது மட்டும் சாட்சி சொன்னால் போதாது.

கம்பவுண்டை அபராதம் என்று எழுதுவது

நம் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் தினமும் நடப்பது இது. பேச்சில் பரவாயில்லை. எழுத்தில், அதுவும் முறையீட்டுக் கடிதத்தில், அர்த்தமே மாறிவிடும்.

இந்தக் கம்பவுண்டு லத்தீன் குடும்பத்தின் ஒரு கிளை. ஒன்றாக வைப்பது, பிறகு இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துக் கணக்கை முடிப்பது, பிறகு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விவகாரத்தை விட்டுவிடுவது என்று பொருள் நகர்ந்தது. கடன்பட்டவர் கடன்காரர்களோடு ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதும் கம்பவுண்டு செய்வதுதான். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, மன்னர் பக்கம் நின்றவர்களின் சொத்துகளை நாடாளுமன்றத் தரப்பு முடக்கி வைத்தது. அதற்காக 1643இல் ஒரு கம்பவுண்டுக் குழுவே அமைத்தார்கள். சொத்து மதிப்பில் ஒரு பங்கைக் கட்டி, இனி ஆயுதம் தூக்க மாட்டேன் என்று உறுதியும் கொடுத்தால் சொத்து திரும்பக் கிடைக்கும். தள்ளுபடி அறிவித்த நாளில் கோலாலம்பூர் போலீஸ் முகப்பில் வரிசையில் நிற்பவரும், லண்டனில் அந்தக் குழுவின் முன் போய் நின்ற பிரபுவும் செய்தது ஒரே காரியம்தான்.

நம் சட்டத்தில் கம்பவுண்டு என்பது இந்தச் சமரசம். இவ்வளவு கட்டினால் வழக்குப் போடாமல் விட்டுவிடுகிறோம் என்று அதிகாரி முன்வைக்கும் ஏற்பாடு. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு கிடையாது. கட்டாவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே குற்றம் நிரூபணமாகி விதிக்கப்படும் தொகைதான் அபராதம், மலாயில் ‘டெண்டா’. சம்மன் என்பது மூன்றாவது சங்கதி, நீதிமன்றத்துக்கு வா என்ற அழைப்பாணை. சாலையில் போலீஸ் நீட்டும் தாளைப் பார்த்து “சம்மன் போட்டுட்டான்” என்றுதான் நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் முகப்பில் நாம் கட்டுவது கம்பவுண்டுத் தொகை, நீதிமன்றம் போகாமலே முடித்துக்கொள்வதற்காக.

இது வெறும் சொல் சண்டையாக இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச் 18 அன்று தொடங்கியபின் விதியை மீறியவர்களுக்கு 1,000 வெள்ளி கம்பவுண்டு வந்தது. 2021 மார்ச்சில் தனிநபருக்கான உச்ச வரம்பு 10,000 வெள்ளிக்கு ஏறியது. ‘பத்தாயிரம் அபராதம்’ என்ற தலைப்பைப் படித்தவர்கள், தீர்ப்பே வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நினைத்திருப்பார்கள். கம்பவுண்டு ஒரு பேச்சுவார்த்தைத் தொகை என்பதால்தான் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் முறையீடு செய்து குறைக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது. தமிழில் ‘சமரசத் தொகை’ என்று எழுதினால் அந்தக் கதவு கண்ணுக்குத் தெரியும். அந்தச் சொல் கனமாகத் தோன்றினால் ‘கம்பவுண்டு’ என்றே எழுதிவிடுங்கள். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

பழைய பொருள்தான் சரி என்று வாதாடுவது

பிரச்சினையை இன்னும் மோசமாக்குவதையும் ஆங்கிலத்தில் கம்பவுண்டு செய்வது என்கிறார்கள். இந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் கடும் குற்றத்தைக் கம்பவுண்டு செய்வது தனி ஒரு குற்றமாக இருந்தது. திருடனிடம் காசு வாங்கிக்கொண்டு புகார் கொடுக்காமல் விடுவது என்று அதற்குப் பொருள். 1967இல் வந்த குற்றவியல் சட்டம் அந்தப் பழைய குற்றத்தையே எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தொடரைக் கேட்ட சாதாரண மக்கள், குற்றத்தைப் பெருக்குவது என்று தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வட்டி குட்டி போடும் கூட்டு வட்டியும் மனத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தவறான புரிதல்தான் இன்று அகராதிகளில் முறையான பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பிரச்சினை கம்பவுண்டு ஆகிவிட்டது என்று யாராவது ஆங்கிலத்தில் எழுதினால் சிவப்புப் பேனாவைத் திறக்காதீர்கள். வேர்ப்பொருள் தெரிந்த ஆசிரியர்கள் சில சமயம் அதை வைத்தே பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். வேதியியல் வகுப்பில் இந்த மிரட்டல் திருப்பி அடிக்கும். கம்பவுண்டு என்றால் கலப்பது என்று லத்தீனைச் சொல்லிக்கொடுத்தால், சேர்மமும் கலவையும் ஒன்றுதான் என்று பிள்ளை பரீட்சையில் எழுதிவைக்கும். உப்பும் மணலும் சேர்ந்தால் கலவை. சோடியமும் குளோரினும் வேதிவினையில் சேர்ந்து வரும் உப்புதான் சேர்மம். ஆஸ்பத்திரியில் ‘கம்பவுண்டு முறிவு’ என்றால் எலும்பு பல துண்டாக உடைந்தது என்று நினைக்கிறோம், அதுவும் தப்பு. முறிந்த இடத்தில் தோல் கிழிந்து வெளிக்காயம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். கிருமி உள்ளே போகும் ஆபத்து இருப்பதால் அதைத் தனியாகப் பார்க்கிறார்கள். எத்தனை துண்டு என்பது வேறு கணக்கு.

இங்கே செல்லும் காசு அங்கே செல்லாது

“ஐ காட் கம்பவுண்டட்” என்று கோலாலம்பூர் பங்சாரில் சொன்னால் காப்பிக் கடை முழுவதும் ‘உச்’ கொட்டும். லண்டனிலோ மெல்போர்னிலோ சொன்னால் உங்களை எதோடு கலந்தார்கள் என்று விழிப்பார்கள். சட்ட ஆங்கிலத்தில் குற்றத்தைத்தான் கம்பவுண்டு செய்ய முடியும், ஆளைச் செய்ய முடியாது. நம் பேச்சு வழக்கில் ஆள்மீதே விழுகிறது. மலேசிய ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ எழுதும்போது மட்டும், எந்த மீறலுக்காக, எவ்வளவு தொகை கட்டி, நீதிமன்றம் போகாமல் முடிந்தது என்று விரித்து எழுதுங்கள். ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லில் போட்டால், தண்டனை பெற்றவர் என்று நீங்களே எழுதிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடலாம்.

அதேபோல வீட்டு வளாகத்தைக் கம்பவுண்டு என்று எழுதினால் அங்கே உள்ளவர்களுக்கு வேறு படம் வரும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880களில் தொழிலாளர்களை அடைத்து வைத்த வேலியிட்ட குடியிருப்புகளுக்கும் இதே பெயர்தான். இன்றைய செய்திகளிலும் ராணுவ முகாம், ஆயுதக் குழுவின் பதுங்கிடம் என்றால்தான் இந்தச் சொல் அதிகம் வருகிறது. நான்கு ரோஜாச் செடியும் ஒரு துளசி மாடமும் இருக்கும் இடத்துக்கு ‘யார்டு’ அல்லது ‘கார்டன்’ போதும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வரி. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம், வினையாக வரும்போது இரண்டாவது அசையில். நாம் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், புரியாமல் போனதில்லை. தமிழில் எழுதும்போது கம்பவுண்டு, காம்பவுண்டு இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் சரி. இந்தக் கட்டுரையில் மதுரைக்காரர்களுக்கு மட்டும் காலைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.