ஆலயத்துக்கு ஒரு பித்தளை பேண்டு: எங்கே தொடங்குவது?

முதலில் வாத்தியப் பட்டியல் போடாதீர்கள், நாலு குரலுக்கு நாலு பேரைத் தேடுங்கள். பாமாலைகள் பெரும்பாலும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்றுதான் அச்சாகியிருக்கும். இரண்டு கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறு பித்தளை வாத்தியம்), ஒரு டிராம்போன், ஒரு டியூபா இருந்தால் போதும். 1878இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) தெருப் பிரசங்கங்களுக்குத் துணையாக வாசித்தவர்கள் சார்லஸ் ஃப்ரையும் அவருடைய மூன்று மகன்களும்தான். உலகமெங்கும் பரவிய சேனை பேண்டுகளுக்கு அந்த நாலு பேர்தான் தொடக்கம்.

புதியவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. கார்னெட் பி பிளாட் வாத்தியம், பாமாலைப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் ஆர்கனுக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். அதனால் கார்னெட்டுக்கு ஒரு ஸ்வரம் ஏற்றி எழுதிக் கொடுங்கள். ஜெர்மனியில் யோஹான்னஸ் கூலோ என்ற போதகர் வேறு வழி பிடித்தார்: ஆர்கன் வாசிக்கிற அதே புத்தகத்தை ஊதுகிறவர்களும் நேராகப் படிக்கப் பழக்கினார், அங்குள்ள ஆலயக் குழுக்கள் இன்றும் அப்படித்தான் வாசிக்கின்றன. நீங்கள் ஏற்றி எழுதும்போது ஈ மேஜர் பாட்டு வந்தால் கார்னெட்டுக்கு ஆறு ஷார்ப், வாசிக்கக் கஷ்டம்; அரை ஸ்வரம் இறக்கி ஈ பிளாட்டில் எடுத்தால் ஒரே ஒரு பிளாட். சபைக்கும் பாடச் சுலபம்.

சுருதி சேர்ப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்குங்கள், குளிர்ந்த பித்தளை சுருதி இறங்கித்தான் நிற்கும்.

அப்புறம் மூச்சு. என்னைக் கேட்டால் பேண்டின் வேலையே இதுதான். நோட்டுக்குக் கீழே பாட்டின் வார்த்தைகளையும் எழுதி வையுங்கள், ஒத்திகையில் ஊதுவதற்கு முன் எல்லாரும் ஒரு தடவை வாயால் பாடுங்கள், அப்போதுதான் சபை எந்த வரியின் முடிவில் மூச்சு வாங்குமோ அங்கேயே நீங்களும் வாங்குவீர்கள். முன்னிசைக்குக் கடைசி வரி போதும். அது முடிந்ததும் ஒரு முழு மூச்சளவு நிறுத்திவிட்டு முதல் சரணத்தை எடுங்கள், அந்த இடைவெளி இல்லாவிட்டால் பின்வரிசையில் இருப்பவர்கள் முதல் வார்த்தையை விட்டுவிடுவார்கள்.

ஆர்கனைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடியாது, பேண்டு போகும். பேண்டு ஆலயத்துக்குள் வந்ததற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். பென்சில்வேனியாவின் பெத்லகேமில் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் டிராம்போன் குழு 1754 முதல் இருக்கிறது. யாராவது இறந்தால் அதை ஊருக்கு அறிவித்ததும் அந்த டிராம்போன்கள்தான், ஈஸ்டர் விடியலில் கல்லறைகளுக்கு நடுவே பாட்டை எடுத்துக்கொடுப்பதும் அவைதான். அடக்க ஆராதனைக்கு உங்களை அழைத்தால் டிரம் வேண்டாம், மெதுவாக ஊதுங்கள், அழுகிறவர்கள் பாட முடியாமல் நிறுத்தினாலும் நீங்கள் சரணத்தை முடித்துவிட்டே வாத்தியத்தை இறக்குங்கள்.