கொழும்பில் எந்த மாதம், எந்த நேரம், எந்த அறை: தாயகம் செல்வோருக்கு

கொழும்புக்குப் புறப்படும் முன் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து "இப்ப அங்கை சரியான வெயிலோ?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். இக்கேள்வியால் அதிகப் பயன் கிடைப்பதில்லை. ஏனெனில் அதற்கான விடை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைக்குள் கடலோரமாக அமைந்திருக்கும் இந்நகரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 30 முதல் 32 பாகை செல்சியஸ் வரையிலும், இரவு வெப்பநிலை 22 முதல் 26 பாகை வரையிலும் இருக்கும். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு பாகை அளவே. மாறுபவை மழை, காற்று, ஈரப்பதன் ஆகிய மூன்றும், நாளின் எந்த நேரத்தில் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள் என்பதும்தான். ஆகவே பயணத்தைத் திட்டமிடுபவர் வெப்பமானியைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, தமக்கும் தம்முடன் வருவோருக்கும் எது பொறுக்க முடியாதது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: வெயிலா, புழுக்கமா, அல்லது நாள் முழுவதும் மூடிக்கிடக்கும் மழை வானமா?

இங்கே பலரை வழிதவறச் செய்வது நினைவு. இருபது வயதில் ஊரைவிட்டுப் போனவர், "நாங்கள் பிறந்து வளர்ந்த வெயில்தானே" என்ற உறுதியுடன் ஐம்பது வயதில் வந்திறங்குகிறார். ஆனால் முப்பது ஆண்டுகளை ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ கழித்த உடலுக்கு அந்த வெயில் பழக்கம் எதுவும் மிஞ்சியிராது. அதிலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரின் நினைவில் இருப்பது பெரும்பாலும் காற்றுடன் கூடிய வறண்ட வெயிலே. கொழும்பில் அவரை எதிர்கொள்வதோ ஈரம் நிறைந்த வெக்கை. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றிலேயே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்தோடுமே தவிர உடலைக் குளிர்விக்காது. இலண்டனில் 30 பாகையில் உலாவப் போகிறவர், கொழும்பில் அதே 30 பாகையில் காலி வீதியைக் கடப்பதற்குள் களைத்துப்போவதற்குக் காரணம் இதுவே. உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பின் அளவு குறையும். இரண்டு வார விடுமுறையில் வருபவருக்கு உடல் பழகி முடியும் வேளையில் விமானம் ஏறும் நாளும் வந்துவிடும் என்பது வேடிக்கைதான். ஆயினும் முதல் மூன்று நாட்களையேனும் திருமணக் கொள்வனவு, காணி அலுவலகம், கோயில் என்று நிரப்பாமல் விடுவது மிகுந்த பலன் தரும்.

மாதங்களை எடுத்துக்கொண்டால், புழுக்கத்தைத் தாங்க முடியாதவருக்கு ஜனவரியும் பெப்ரவரியும் ஏற்றவை. வடகிழக்குக் காற்று மலைகளைக் கடந்து வந்து சேர்வதால் அப்போது மழை குறைவு. அதிகாலையில் 22 பாகை வரை இறங்கும் நாட்களும் உண்டு. கொழும்புவாசிகள் அதையே குளிர் என்று சொல்லிப் போர்வை தேடுவார்கள். ஆனால் இதே மாதங்களில் நகரின் காற்று மாசு பொதுவாகக் கூடுவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் தமது உறிஞ்சு மருந்தை மறக்கலாகாது. மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை காற்று அடங்கிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி நண்பகலில் சூரியன் நகரின் நேர் உச்சிக்கு வரும். புழுக்கம் மிகக் கடுமையாக இருப்பது அப்போதுதான். புத்தாண்டை உறவினருடன் கொண்டாட வருபவர்கள் இதை அறிந்தே வர வேண்டும். அந்த வாரத்தில் கொழும்பின் பெரும்பகுதியினர் சொந்த ஊர்களுக்குச் சென்றுவிடுவதால் வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கும் என்பது ஓர் ஆறுதல்; கடைகள் பூட்டியிருக்கும் என்பது அதன் மறுபக்கம்.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. மேயிலும் ஜூன் முற்பகுதியிலும் மழை இரவென்றும் பகலென்றும் பாராமல் கொட்டும். அதன் பின் ஓகஸ்ட் வரை மழை சற்றுத் தணிந்து, மேகமும் கடற்காற்றும் நிலைக்கும். என் கணிப்பில், வெயிலைவிடக் காற்றை விரும்புபவருக்கு, கொழும்பைப் பொறுத்தவரை ஜூலையும் ஓகஸ்டும் பலர் எண்ணுவதைவிட இனிய மாதங்கள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் விழாத் தேர் வருவதும் இக்காலத்திலேதான். கடலில் குளிக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் அலைகள் பெரியவை, இழுப்பும் வலியது. கல்கிசைக் கடற்கரையில் இறங்கவேண்டும் என்ற பிள்ளைகள் உடன் இருந்தால் டிசம்பர் முதல் மார்ச் வரையான காலத்தையே தெரிவு செய்யுங்கள். ஒக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். அவற்றில் காலை வெளிச்சமாக விடிந்து, பிற்பகலில் வானம் மப்பாகி, இடி மின்னலுடன் ஓரிரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்வது வழக்கமான போக்கு என்பதால், அலுவல்களை நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்பவருக்கு அந்த மாதங்களும் வீணாவதில்லை. நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். இது இலண்டனில் பெய்வதைப்போல நான்கு மடங்கு.

கொழும்போடு பயணத்தை முடித்துக்கொள்பவர் நம்மவரில் சிலரே. பெரும்பாலோர் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ திருகோணமலையோ போகிறவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கி டிசம்பரைத் தாண்டியும் நீள்கிறது. நத்தார் விடுமுறையில் வந்து கொழும்பில் இனிய காலையைக் கண்டவர், மறுநாள் யாழ்ப்பாணத்தில் சேற்றையும் வெள்ளத்தையும் கண்டு திகைப்பது இதனாலேயே. ஓகஸ்டை ஒட்டி யாழ்ப்பாணத்தில் நடக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவருக்கு நிலைமை தலைகீழ்: கொழும்பில் மேகமும் காற்றும், வடக்கில் காய்ந்த மண்ணும் தகிக்கும் வெயிலும். ஒரே பெட்டியில் இரண்டு காலநிலைகளுக்கும் உடை வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது.

மாதத்தைத் தெரிவு செய்யும் உரிமை பள்ளி விடுமுறையின் கையில் இருப்பவர்களுக்கு நேரமாவது தம் கையில் உண்டு. காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட பொழுதே கொழும்பின் மிகச் சிறந்த பொழுது. சுதந்திர சதுக்கத்திலும் விகாரமகாதேவிப் பூங்காவிலும் நடக்க வருபவர்களைப் பார்த்தால் உள்ளூரார் இதை எவ்வளவு நன்கு அறிந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். நேரமாற்றத்தால் உறக்கம் கலைந்து விடியற்காலையில் விழித்துக் கிடப்பவர்கள் அந்த விழிப்பை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம். புறக்கோட்டைக் கொள்வனவைப் பத்து மணிக்குள் முடித்துவிட முயலுங்கள். அங்குள்ள ஒடுங்கிய தெருக்களில் காற்று நுழையாது. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் அதைக் கடந்து வரும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் தோல் ஒரே நாளில் எரிந்துவிடக்கூடும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைப் போன்ற கருங்கற் கோயில்களுக்குக் காலைப் பூசைக்கே செல்லுங்கள். உச்சி வெயிலில் சுட்டுக் கிடக்கும் கல்லில் வெறுங்காலுடன் நிற்பது பழகாத பாதங்களுக்குத் தண்டனை. மாலை ஐந்து மணிக்குப் பின் காலிமுகத்திடலும் வெள்ளவத்தை மரைன் டிரைவும் மீண்டும் நடக்கத் தகுந்தவையாகிவிடும்.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் உறக்கம் கெட்டால் மற்ற எல்லாம் கெடும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடுகளுக்கு வாடகை அதிகம், விளம்பரமும் அதிகம். அந்த வீடுகளின் கடற்பக்கச் சாளரம் மேற்கைப் பார்த்தது என்பதை விளம்பரம் சொல்லாது. பிற்பகல் முழுவதும் வெயில் நேராக உள்ளே விழும். கண்ணாடிச் சாளரமும் மெல்லிய திரையும் உள்ள அறை இரவு ஒன்பது மணிக்கும் சூடாகவே இருக்கும். உச்சி மாடியில் கொங்கிறீற்றுக் கூரை பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் கீழே இறக்கும். நிலமாடியில் காற்றும் குறைவு, நுளம்பும் அதிகம். நடு மாடியில், எதிரெதிராகச் சாளரங்கள் அமைந்து காற்று ஊடுருவிச் செல்லும் வீடு கிடைத்தால் கடற்காட்சி இல்லாவிட்டாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரம்தான் வேண்டுமென்றால் தொடருந்தின் ஓசையையும், உலோகத்தை அரிக்கும் உப்புக் காற்றையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் மின்பிறப்பாக்கி வீட்டுக்குள்ளும் இயங்குமா, அல்லது மின்தூக்கிக்கு மட்டும்தானா என்று முற்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

உறவினர் வீட்டில் தங்குபவருக்குக் குளிரூட்டி ஒரு மென்மையான விடயம். பிள்ளைகளுக்கு 18 பாகை இல்லாமல் உறக்கம் வராது. அதே அறையில் படுக்கும் அம்மம்மாவுக்கு மூட்டு வலிக்கும். இலங்கையில் மின் கட்டணம் பாவனை கூடக்கூட அலகின் விலையும் உயரும் முறையில் கணிக்கப்படுவதால், இரவு முழுவதும் இயங்கும் குளிரூட்டி வீட்டாரின் மாதாந்தக் கட்டணத்தைப் பன்மடங்காக்கிவிடலாம். அவர்களோ அதை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். 26 பாகையில் வைத்துக் கூரை மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்கு அது போதும், செலவும் குறையும். பணத்தை நேரே நீட்டினால் பெரியம்மாவோ மாமியோ கோபித்துக்கொள்வார்கள். கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கி இணையவழியில் செலுத்திவிடுவது மரியாதையான வழி. மறுபுறம், வங்கிகளிலும் நெடுந்தூரச் சொகுசுப் பேருந்துகளிலும் குளிர் அளவுமீறி இருக்கும் என்பதால் ஒரு மெல்லிய சால்வை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

உடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தளர்வான பருத்தி உடை, வீட்டில் சாரமோ சோட்டியோ, ஈரமானால் உலரக்கூடிய செருப்பு. தோற் சப்பாத்துகள் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வியர்க்குரு போட்டால் பவுடரைத் தடிப்பாகப் பூசுவதைவிட, குளித்து, தோலை உலரவிட்டு, காற்றுப் படும்படி இருப்பதே நல்லது.

குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரும், வீதியோரத்தில் வெட்டித்தரும் செவ்விளநீரும், உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரும் போதும். முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும் என்பதால் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். செவ்விளநீரில் பொற்றாசியம் அதிகம். சிறுநீரக நோயாளர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். வயிற்றோட்டம் ஏற்பட்டால் மருந்தகத்தில் ஜீவனி என்று கேட்டால் வாய்வழி நீரேற்றுப் பொதி தருவார்கள். குருதியழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வெப்பத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று புறப்படும் முன்னரே தம் மருத்துவரிடம் கேட்டு வர வேண்டும். பல மருந்துகளின் பொதியில் 25 பாகைக்குக் கீழ் வைக்கும்படி எழுதியிருக்கும். கொழும்பில் குளிரூட்டப்படாத அறை எதுவும் பகலில் அந்த அளவில் இராது. திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல.

மழையைப் பொறுத்தவரை நனைவதைவிடத் தேங்கும் நீரே கவலைக்குரியது. களனி கங்கை பெருகும்போது கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்குவதுண்டு. 2016 மே மாத வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். அப்பகுதிகளில் உறவினர் இருந்தால், மலைநாட்டில் பெருமழை என்ற செய்தி வரும் நாட்களில் அங்கே இரவு தங்கும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். இடி முழங்கும் பிற்பகல்களில் மடிக்கணினியை மின்செருகியிலிருந்து கழற்றிவிடுங்கள். கடற்கரையிலும் திடலிலும் நிற்காதீர்கள்.

மலைநாட்டைப் பற்றியும் ஒரு சொல். வெக்கை அறவே ஒத்துக்கொள்ளாதவர்கள் பயணத்தின் நடுவில் சில நாட்களை நுவரெலியாவுக்கு ஒதுக்கலாம். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் அவ்வூரின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஏப்ரலில் மட்டும் அங்கே கூட்டமும் விலையும் தாங்க முடியாதவை.

மழை ஓய்ந்த வாரங்களில் டெங்கு பெருகும். தென்மேற்குப் பருவமழைக்குப் பின் ஜூன், ஜூலையிலும், ஆண்டிறுதி மழையைத் தொடர்ந்து ஜனவரி வரையிலும் அதன் உச்சம். கொழும்பும் அதைச் சூழ்ந்த மேல் மாகாணமும் அதிகம் பாதிக்கப்படும் பகுதி. இரவு வலை மட்டும் இதற்குப் போதாது. டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை சாயும் வேளையிலும் கடிப்பது. ஆகவே நடைக்குப் போகும் முன் கை கால்களில் நுளம்பு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் பனடோல் (பரசிற்றமோல்) தவிர அஸ்பிரினோ ஐபுபுரோஃபனோ எடுக்கக் கூடாது. குருதிப்போக்கு அபாயத்தை அவை கூட்டும். உடனே மருத்துவரைக் கண்டு, அவர் சொல்லும் நாளில் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நுளம்பு கடித்து நான்கு முதல் பத்து நாட்களுக்குப் பிறகே காய்ச்சல் தொடங்குவது வழமை என்பதால், கடைசி வாரத்தில் கடிபட்டவர் வீடு திரும்பிய பின்னரே நோய்ப்படலாம். நாடு திரும்பி இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அங்குள்ள மருத்துவரிடம் இலங்கையிலிருந்து வந்த நாளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு டெங்கு நினைவுக்கு வராது.